ஊர்ப்பெயர் இல்லாத வரிசை

கல்லால மரத்தின் கீழ் வாய் திறவாமல் அமர்ந்து, கேட்கத் துணியாத கேள்விக்கும் விடை அருளும் பரம்பொருளே, உன் மௌனத்தை முதலில் வணங்குகிறேன். இம்மடலில் உள்ளது உள்ளபடி வரட்டும். எழுதும்போது அச்சம் தோன்றினால், அது உன் சந்நிதியில் நிற்கும் அச்சமாகவே இருக்கட்டும்.

அன்புக்குரியவனே,

இன்று காலை பூஜைக்குத் துளசி பறிக்கப் பின்கட்டுக்குப் போனேன். பழைய சரக்குக் கிடங்கான பாண்டிகசாலையின் சுவரோரம் உன் தைலமரம் பட்டை உரித்துப் போட்டிருந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு ஒரே சுருள். ஆடி மாதமான கர்க்கடகம் பிறந்து சில நாள்களே ஆகின்றன. மட்டாஞ்சேரி முழுவதும் ஈரம். கடைத்தெருவிலிருந்து சுக்கும் மிளகும் புழுங்கிய வாடை. அந்த வாடையை விலக்கிக்கொண்டு இன்னொரு மணம் வந்தது. புதினாவும் மிளகும் கலந்து, அவற்றின் அடியில் நனைந்த பழைய கம்பளியின் மணம். அது வரும்போது நான் திரும்பிப் பார்ப்பதில்லை. நீ பின்னால் நிற்பதுபோல் இருக்கும். பார்த்தால் இருக்கமாட்டாய் என்பதும் தெரியும்.

நேற்று வனத்துறையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். உன் மரத்தின் விதை வேண்டுமாம். விதைப்பையின் மேல் எழுத, "இது எந்த இடத்து விதை, சாமி?" என்று கேட்டார். நாளை வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டிய விடையை உன்னிடமே பேசித் தெளிவதற்காக இதை எழுதுகிறேன்.

உன்னை நான் முதலில் கண்டது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கலாம். யுத்தம் விழுங்கிய தேசங்களிலிருந்து கப்பல் கப்பலாக மனிதர்கள் வந்து இறங்கிய காலம். அடுத்த வீட்டிலிருந்த உன் அப்பாவுக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. ஒரு மதியம் அவர் படகிலிருந்து இறங்கி வந்தபோது கையில் நீ இருந்தாய், ஒரு கம்பளித் துணியில் சுற்றப்பட்டு. எந்தக் கப்பல், யார் கொடுத்தார்கள் என்பதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு நீண்ட காலம் உயிரோடு இருக்கவும் இல்லை. பிள்ளையில்லாத உன் அம்மா, கேட்டவர்களுக்கெல்லாம், "என் கோந்தையாக்கும்" என்று, தான் பெற்ற குழந்தைபோலவே, ஒரே விடை தந்தாள். அந்தக் குரலுக்குப் பிறகு தெருவில் யாரும் கேட்கவில்லை. நீ வந்தவன் என்பதை ஒருவரும் உன்னிடம் மறைக்கவுமில்லை. எங்கிருந்து என்பது மட்டும் எல்லோருக்கும் இருட்டாக இருந்தது.

ஒன்றுதான் வினோதம். ஆண்டுதோறும் கர்க்கடகத்தில் உனக்கு ஒரு குளிர் வரும். மழைக்காலத்தில் நடுங்காதவர் யார் என்று கேட்கலாம். எங்கள் தைலக்கடையில், தைலம் வடிக்கும் கொதிக்கும் வாலைக்கு அருகில், நாங்கள் வியர்வையில் குளித்துக்கொண்டிருக்கும்போது, நீ பற்கள் அடிக்க உட்கார்ந்திருப்பாய். உடம்பில் காய்ச்சல் இருக்காது. உதடு மட்டும் நீலம் பாய்ந்திருக்கும். மருத்துவர்கள் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினார்கள். சில நாள்களில் அது தானாகவே விலகும். உன் அம்மா ஒவ்வோர் ஆண்டும் அந்த நாள்களில் உன்னை ஒரு நொடியும் தனியே விடமாட்டாள்.

நீ வளர்ந்து, வனத்துறையில் மரங்களை ஆராயும் வேலைக்குப் போய், எழுபதுகளின் தொடக்கத்தில் மூணாறுக்கு அப்பால் ஒரு சரிவில் தைலமரத் தோட்டம் வைத்தாய். சில ஆண்டுகள் கழித்து என்னை முதன்முதலில் அங்கே அழைத்துச் சென்ற நாள் நினைவிருக்கிறது. எல்லாம் ஒரே இனத்து யூகலிப்டஸ். ஆனால் விதை ஆஸ்திரேலியாவில் பன்னிரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஓர் இடத்துக்கு ஒரு வரிசை. ஒரே மண், ஒரே மழை, ஒரே நாளில் நட்டவை. ஆயினும் ஒரு வரிசை வானத்தைத் தொட நின்றது. பக்கத்து வரிசை தோள் உயரத்தில் குறுகியிருந்தது. ஒன்றின் இலை அகலம், ஒன்றினது கத்திபோல் ஒடுங்கியது.

"பனி விழற ஊர் விதை, அண்ணா, இங்கே பனியே விழல்லேன்னாலும் பனிக்குத் தயாராத்தான் நிக்கும்," என்றாய். "வறண்ட ஊர் விதை மழையிலேயும் தண்ணிக்குப் பயப்படும். தாய் மரம் நின்ன இடம் விதைக்குள்ளே இருக்கு."

நம் முன்னோர் நிலத்தை ஐந்தாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் அதன் மரத்தையும் பூவையும் பொழுதையும் அமைத்தார்கள். அது கவிதைக்கான இலக்கணம் என்றே நான் படித்திருந்தேன். உன் தோட்டத்தின் நடுவில் நின்றபோது அது இலக்கணமாகப் படவில்லை. கண்ணை மூடி நடக்கச் சொன்னாய். நடந்தேன். ஒவ்வொரு வரிசையிலும் காற்று வேறு குரலில் பேசியது. பறவைச் சத்தம் எங்கும் இல்லை. பன்னிரண்டு ஊர்கள், தம் மக்களை விட்டு விலகி வந்து, அருகருகே நின்று, ஒன்றோடொன்று பேசாமல் தத்தம் பருவத்துக்குக் காத்திருந்தன. கடைசியாக ஒரு வரிசையில் காற்றே கேட்கவில்லை. கண் திறந்தேன். இலைகள் அசைந்துகொண்டுதான் இருந்தன.

"இது எந்த ஊர்?" என்றேன்.

"அதுதான் தெரியல்லே," என்றாய். "இது பதின்மூணாவது."

ஊர் பன்னிரண்டு, வரிசை பதின்மூன்று. நாற்றங்காலில் மிஞ்சிய கன்றுகளை யாரோ ஓரத்தில் நட்டிருக்கலாம் என்று வேலைக்காரர்கள் சொன்னார்கள். நட்டவர் மட்டும் அகப்படவில்லை.

அதற்கு அடுத்த மழையில்தான் யானைகள் வந்தன. அந்தக் கதையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. வரிசைதோறும் ஊர்ப்பெயர் எழுதி நட, நல்ல மரப்பலகை வேண்டுமென்று நம் மட்டாஞ்சேரியிலிருந்து பழைய வள்ளங்களின் பலகையை லாரியில் ஏற்றிப் போனாய். கறையான் தொடாது, நூறு வருஷம் நிற்கும் என்று பெருமைப்பட்டாய். காயலின் உப்புநீரில் ஊறிய அந்தப் படகுப் பலகையில் உப்பு எவ்வளவு இருக்கும் என்று நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. யானைக்கு உப்பு கிடைத்தால் விடுமா? ஒன்று விடாமல் பிடுங்கி, நக்கி, மென்று துப்பிவிட்டுப் போயின. வரைபடம் இருந்த கொட்டகையையும் மிதித்துக் குழைத்துவிட்டன. அதற்கு நகல் எடுக்க உனக்கு அதுவரை தோன்றவில்லை.

உன் அம்மா கேட்டுவிட்டு, அப்பளம் பொரித்துக்கொண்டே சொன்னாள்: "மனுஷாளைவிட ஆனைக்கு வாசிக்கிறதிலே ருசி அதிகமாக்கும். ஊர்ப்பேரை ஒண்ணும் மிச்சம் வெக்காம தின்னுடுத்து."

நீ சிரிக்கவில்லை. எந்த வரிசை எந்த ஊர் என்பது போனால் அத்தனை ஆண்டு உழைப்பும் போயிற்று. அப்போதுதான் எங்கள் வாலையை நாடி வந்தாய். ஒவ்வோர் ஊர் மரத்தின் தைலத்துக்கும் மணம் வேறு. தைலத்தை வடித்து, இலையையும் பட்டையையும் சேர்த்து, அந்நாட்டு நூல்களின் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஊரை மீட்கலாம் என்றாய். வரிசைவாரியாக இலை மூட்டைகள் வந்து இறங்கின. மழைக்காலப் பகல்களில் அடுப்பெரிய, நாம் இருவரும் முகர்ந்து முகர்ந்து மூக்கு மரத்துப்போனோம். ஒன்று கர்ப்பூரம்போல் ஏறும். ஒன்று மாங்காய்ப் பால்போல் நாக்கைச் சுருக்கும். ஒன்றில் மணமே இல்லாமல் கண் மட்டும் எரியும். ஒவ்வொன்றாக ஊர்கள் திரும்பி வந்தன. பன்னிரண்டும் வந்துவிட்டன. மிஞ்சியது அந்த வரிசை.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதிய இலையை வடித்தால் முதல் சொட்டு மூத்த சுமங்கலியோ விதவையோ, வீட்டில் வயதில் பெரியவள் யாரோ, அவள் உள்ளங்கையில் விழ வேண்டும். அவள் முகர்ந்து நல்லது என்றால்தான் குப்பியில் பிடிப்போம். என் தாய் போனபின் அந்தக் கை உன் அம்மாவுடையது. அன்றும் முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள். சொட்டு விழுந்தது. முகர்ந்தாள்.

கையை மூடிக்கொண்டாள். எழுந்து குழாயடிக்குப் போய்ப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள்.

"என்னம்மா, பிடிக்கல்லியா?" என்று கேட்டாய்.

"பிடிக்கறதும் பிடிக்காததும் என்ன. இந்த மணம் எனக்குத் தெரியும்."

"எங்கேருந்து?"

"நீ வந்த அன்னிக்கு உன் மேலே இருந்ததாக்கும் இது. எத்தனை குளிப்பாட்டியும் போகல்லே."

வாலை சீறிக்கொண்டிருந்தது. நீ அடுப்பில் விறகைத் தள்ளுவதை நிறுத்திவிட்டாய்.

"அப்போ, அம்மா..."

"அப்போவும் இல்லே, இப்போவும் இல்லே. இலையைப் பத்திப் பேசறேன்னா இலையைப் பத்திப் பேசு. சாயா ஆறிண்டிருக்கு. எடுத்துக் குடி."

அன்று மாலை விளக்கேற்றும் முன் அவள் என்னிடம் தனியே வந்தாள். "நீ வேதம் படிச்சவன். ஒண்ணு சொல்லு. ரத்தம் கூப்பிட்டா போகணும்னு எங்கேயாவது எழுதியிருக்கோ?"

எழுதியிருக்கவில்லை என்றேன்.

"போகப்படாதுன்னு?"

அதுவும் எழுதியிருக்கவில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கினாள். உன்னை இழந்துவிடுவோம் என்ற அச்சத்துடனேயே உன்னை வளர்த்தவள் அவள் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

பிறகு நாம் ஒரு காரியம் செய்தோம். கர்க்கடகத்தில் உன் குளிர் வந்த நாள்களில் நான் மலைக்குப் போய் வரிசைகளைப் பார்த்தேன். மழையைக் குடித்து எல்லா மரங்களும் புதுத் தளிர் விட்டிருந்தன. பதின்மூன்றாம் வரிசை மட்டும் மொட்டுகளை இறுக மூடி, பட்டை உரித்து, வெளிறி நின்றது. அதன் ஊரில் அது கடும் பனிக்காலமாக இருக்க வேண்டும் என்று பின்னர் நீ சொன்னாய். சொல்லும்போது உன் உதட்டில் நீலம் இன்னும் மாறவில்லை.

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு மர அறிஞர் உன் தோட்டத்தைப் பார்க்க வந்தபோது நானும் உடன் இருந்தேன். நெடிய மனிதர், ஒவ்வொரு வரிசையிலும் ஓர் இலையைக் கசக்கி, நீ சொன்ன ஊரை ஆமோதித்துக்கொண்டே நடந்தார். கடைசி வரிசையில் கசக்கினார். நின்றார். இன்னொன்று கசக்கினார். ஒரு பள்ளத்தாக்கின் பெயரைச் சொன்னார். தம் இளமையில் அங்கே நடந்திருக்கிறாராம்; இந்த மணத்தை வேறெங்கும் அறிந்ததில்லையாம்.

நீ முகம் மலர்ந்து, அங்கே போக வழி என்ன என்று கேட்டாய். அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்துச் சொன்னதை நீ எனக்குத் தமிழில் சொன்னாய். சொல்லும்போதே உன் குரல் தாழ்ந்தது. "அங்கே யாரும் போகமுடியாதாம், அண்ணா. அணை கட்டிப் பள்ளத்தாக்கு முழுக்கத் தண்ணிக்குள்ளே போயிடுத்தாம். யுத்தத்துக்கு முன்னாடியே. ஊரும் மரமும் எல்லாம். அதனாலே இது அந்த விதையா இருக்க முடியாதாம். பக்கத்து மலையிலே ஏதோ உறவு மரமா இருக்கணுமாம்."

கடல் கொண்ட நிலத்தை நினைவில் வைத்திருக்கும் மொழி நம்முடையது. நீருக்கடியில் இருக்கும் ஓர் ஊர், நம் மலைச்சரிவில், தன் பனிக்காலத்தைத் தவறாமல் காத்துக்கொண்டு வரிசையாக நின்றது. நாம் அதன் நடுவில் நின்றோம். காற்றுச் சத்தம் கேட்கவில்லை.

அவர் உன்னை அழைத்தார். விதை சேகரிக்கும் குழுவில் ஓராண்டு இடம். பள்ளத்தாக்கு இல்லாவிட்டால் என்ன, அதன் கரையாவது இருக்கும், கரையில் பழைய மனிதர் யாராவது இருப்பார்கள் என்று நீ என்னிடம் சொன்னாய். உன் கண்ணில் இருந்ததை நான் ஆசை என்று சொல்லமாட்டேன். இழுக்கப்படுபவனின் கண் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பின் அம்மாவிடம் சொன்னாய். நான் தூணோரம் உட்கார்ந்திருந்தேன். அவள் அழவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து அந்தக் கம்பளித் துணியைக் கொண்டுவந்து உன் மடியில் வைத்தாள். முப்பது ஆண்டுகளுக்குமேல் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள். அதன் மணம் கூடம் முழுவதும் பரவியது.

"இதை எதுக்குப் பத்திரமா வெச்சிருந்தே?"

"என்னிக்காவது கேப்பேன்னுதான். கேட்டா இல்லைன்னு சொல்லப்படாதே." பிறகு சொன்னாள்: "போறதானா இதை எடுத்துண்டு போ. அங்கே குளிராக்கும். நீ குளிர் தாங்கமாட்டே."

நீ துணியை முகத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாய். அப்புறம் எழுந்து படகுத்துறைக்கு நடந்தாய். அவள் வாசலில் நின்று, நீ திரும்பிப் பார்க்கிறாயா என்று பார்த்தாள். நீ பார்க்கவில்லை. அதன்பின் அவள் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. என் மனைவி சோறு கொண்டுபோனால், "அவன் வரட்டும்" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் வந்தாய். பிஸ்கட் டின் ஒன்றில், சாண் உயரத்தில் ஒரு கன்று. பதின்மூன்றாம் வரிசையின் அடியில் விதை விழுந்து முளைத்தது.

"நான் அங்கே போறதா இல்லே, அம்மா. அது இங்கே வரட்டும்."

அவள் டின்னைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உப்பு வெள்ளத்திலே, இந்தக் காயல் தண்ணியிலே, பிடிச்சுக்குமோ இது?"

"பிடிச்சுக்கும். ஒரு தலைமுறை இங்கே நின்னு காய்ச்சா, அப்புறம் அதோட விதை இந்த ஊர் விதைன்னுதான் எங்க வனத்துறைக்காரா எழுதுவா."

"அப்போ நீ?" என்றாள்.

"நான் எப்பவோ காய்ச்சாச்சே," என்றாய். அவள் உன் முதுகில் ஓர் அடி போட்டாள். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான பின்கட்டில் அதை நட்டோம். இருந்த காலம் வரை அவள்தான் நீர் ஊற்றினாள். அரிசி கழுவிய நீர், பருப்பு கழுவிய நீர், உளுந்து ஊறிய நீர். அவள் போனபோது கொள்ளி வைத்தவன் நீ. அந்தக் கம்பளியை அவளோடு அனுப்பலாமா என்று கேட்டாய். அவள் உனக்குக் கொடுத்தது, உன்னிடம் இருக்கட்டும் என்றேன்.

எண்பதுகளில் ஒரு கர்க்கடகத்தில் நீ மலையில் தனியாக இருந்தாய். காவலாளி மதியம் உன்னைத் தேடிப் போனார். பதின்மூன்றாம் வரிசையில் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து, கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாயாம். முகம் அமைதியாக இருந்ததாம். மாரடைப்பு என்றார்கள். மழை விட்டுச் சில நாள் வெயில் அடித்திருந்தது. காலடியில் சருகு காய்ந்து நொறுங்கியது. உன் உடையும் கம்பளியும் மட்டும் பிழியலாம் என்னும்படி நனைந்திருந்தன. மூடுபனி இலையில் தங்கி மழைபோலச் சொட்டும் என்று நீயே எனக்கு ஒருமுறை காட்டியிருக்கிறாய். கேட்டவர்களுக்கெல்லாம் நான் அதையே சொன்னேன். இன்றும் அதையே சொல்கிறேன். ஆனால் கம்பளியை நான் பிழிந்தபோது விழுந்த நீரில் தைலத்தின் மணம் இல்லை. ஆழமான ஏரியின் மணம் இருந்தது. இதை உன்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு அந்தச் சரிவைக் காகிதத்துக்காக வெட்டினார்கள். பதின்மூன்று வரிசையும் போயின. அந்தப் பள்ளத்தாக்கின் மரம் என்று இந்த உலகில் எஞ்சியிருப்பது நம் பின்கட்டில் நிற்கும் ஒன்றுதான் என்று எண்ணும்போது, சில மாலைகளில் விளக்கை எடுத்துக்கொண்டு அதன் அருகில் போக எனக்குக் கால் எழுவதில்லை. போகாமலும் இருந்ததில்லை. இத்தனை ஆண்டுகள் பூக்காமலே நின்றது, சென்ற ஆண்டுதான் முதன்முறையாகப் பூத்தது. நம் ஊர்த் தேனீக்கள் வந்தன. இவ்வாண்டு விதை.

அந்த இளைஞர் வந்துபோனார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்தார். விதையைக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தேன். பேனாவை எடுத்து மறுபடி கேட்டார்: "எந்த இடம்னு எழுதட்டும், சாமி?"

வெளியே மரம் ஒரு சுருள் பட்டையைக் கீழே விட்டது. மழையில் தெரு இரைந்துகொண்டிருந்தது; மரத்திலிருந்து மட்டும் சத்தமில்லை. எனக்கு நீயும், டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்த உன் அம்மாவும் நினைவுக்கு வந்தீர்கள்.

"மட்டாஞ்சேரி," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். நான் இன்னும் சுமப்பது அந்தக் கம்பளியைத்தான். ஆண்டு முழுவதும் காய்ந்தே இருக்கிறது. கர்க்கடகத்தில் மட்டும் காலையில் எடுத்தால் ஓரம் ஈரமாக இருக்கும். வெயிலில் உலர்த்தி, மடித்து, பூஜைப் பெட்டியின் அருகில் வைக்கிறேன். உனக்குக் குளிராமல் இருக்க வேண்டும்.

இம்மடல் என்றாவது வேறு யார் கைக்கேனும் வந்தால், இதைப் படிக்கும் நீங்களும் உங்கள் இல்லமும் நலமாக இருப்பீர்களாக. உங்கள் வாசலுக்கு எங்கிருந்தோ வந்து சேரும் உயிர் எதுவாயினும் அது உங்கள் மண்ணில் வேர் பிடிக்கட்டும். உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும். ஆலடியில் அமர்ந்தவன் உங்கள் பிள்ளைகளின் உறக்கத்தைக் காத்தருள்வானாக.